கடலுக்கடியில் உழைப்பவருக்குக் கூலி வேண்டாமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள செமோரில் கடல் கிடையாது. கந்தான் சுண்ணாம்புக் குன்றும், ஈயச் சுரங்கங்கள் விட்டுப்போன குட்டைகளும், வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிப்போன பழைய ரப்பர்த் தோட்டங்களும்தான் இந்தச் சுற்றுவட்டாரம். கடலைப் பார்க்க ஈப்போவைத் தாண்டி லூமுட் வரை போயாக வேண்டும். ஆனாலும் நம் நாட்டின் தீவுகளில் பல ஆண்டுகளாகப் புகைந்துகொண்டிருக்கும் ஒரு கேள்வி, தோட்டத்துப் பின்னணி உள்ளவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும். ஸ்கூபா முக்குளிப்புக்கு வரும் பயணிகளைக் கடலுக்கடியில் வழிநடத்திப் பத்திரமாகப் படகில் ஏற்றிவிடும் டைவ்மாஸ்டருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா என்பதே அந்தக் கேள்வி. வேலை செய்தவருக்குக் கூலி கொடுப்பதில் என்ன வழக்கு இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான், செம்போர்ணா போன்ற இடங்களிலும் உலகின் பல கடற்கரைகளிலும், தங்க ஓர் இடமும் சாப்பாடும் இலவச முக்குளிப்பும் கொடுத்துவிட்டால் சம்பளக் கணக்கு தீர்ந்துவிட்டது என்ற வழக்கம் வேர்விட்டிருக்கிறது. அந்த வழக்கத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களில் சில கனமானவை. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, வரலாறும் சட்டமும் கணக்கும் என்ன சொல்கின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

வேலையின் அளவு

முதலில் டைவ்மாஸ்டர் யார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பொழுதுபோக்கு முக்குளிப்பில் இது தொழில்முறைப் படிகளில் முதலாவது. 1966இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பாடி என்ற பயிற்சி அமைப்பின் விதிப்படி, இந்தப் பயிற்சியில் சேர 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மீட்புப் பயிற்சியும் முதலுதவிப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். குறைந்தது 40 முறை கடலில் இறங்கிய பதிவு கையில் இருக்க வேண்டும். சான்றிதழ் வாங்கும்போது அந்த எண்ணிக்கை 60 ஆகியிருக்க வேண்டும். நிற்காமல் 400 மீட்டர் நீந்த வேண்டும், களைத்துப்போன ஒருவரை 100 மீட்டர் இழுத்துவர வேண்டும், நினைவிழந்தவரைத் தண்ணீருக்கடியிலிருந்து மேலே கொண்டுவரத் தெரிய வேண்டும். உலகத் தர நிர்ணய அமைப்பும் இந்த நிலைக்கு ஐஎஸ்ஓ 24801-3 என்று தனித் தரம் வகுத்திருக்கிறது. ஆக, இது போகிற போக்கில் கற்றுக்கொள்ளும் கைவேலை கிடையாது. பணமும் காலமும் உடலும் செலவழித்து எட்டுகிற ஒரு தகுதி.

அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு அவர் செய்யும் ஒரு காலை வேலையைக் கிட்டத்தில் பார்க்கலாம். காற்று நிரம்பிய அலுமினியச் சிலிண்டர் ஒன்று ஏறத்தாழ 17 கிலோ இருக்கும். ஆளுக்கு இரண்டு என்று வைத்து அவற்றைக் கரையிலிருந்து படகுக்குச் சுமக்க வேண்டும். ஒவ்வொன்றின் வால்வையும் திறந்து, ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, அழுத்தம் 200 பார் காட்டுகிறதா, காற்றில் ஏதும் வாடை அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். வந்திருப்பவர்களில் யார் புதியவர், யாருக்குச் சளி, யார் முந்தின இரவு சரியாகத் தூங்கவில்லை என்று பேச்சுக் கொடுத்தே அறிய வேண்டும். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கணித்து, எங்கே இறங்கி எங்கே ஏறுவது என்று விளக்க வேண்டும். இறங்கிய பிறகு சில நிமிடங்களுக்கு ஒருமுறை தலைகளை எண்ண வேண்டும். கைச்சைகையால் ஒவ்வொருவரிடமும் மீதிக் காற்று எவ்வளவு என்று கேட்க வேண்டும். 50 பார் மிச்சமிருக்கும்போதே எல்லாரும் மேலே வந்துவிடும்படி கணக்குப் போட வேண்டும். ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் எல்லாரையும் நிறுத்திவைக்க வேண்டும். படகேறியதும் மறுபடி எண்ணிக்கை. கரைக்கு வந்ததும் கழுவல், காயவைத்தல், சிலிண்டர் நிரப்பல். பயணி கடலடியில் இருப்பது முக்கால் மணி நேரம். டைவ்மாஸ்டருக்கு அது முழு நாள் வேலை.

இந்த வேலையில் ஆபத்தும் கூடவே வருகிறது. பத்து மீட்டர் இறங்கினாலே உடல் மீதுள்ள அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரட்டிப்பாகிறது. முப்பது மீட்டரில் நான்கு மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் திசுக்களில் கரைகிறது. வேகமாக மேலேறினால் அது குமிழியாகி மூட்டு, முதுகுத்தண்டு, மூளை என்று எங்கு வேண்டுமானாலும் அடைக்கும். இதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை நம் பேராக்கிலேயே, லூமுட் ஆயுதப்படை மருத்துவமனையில் இருக்கிறது. விடுமுறைக்கு வந்தவர் ஆண்டுக்குச் சில முறை எடுக்கும் இந்த ஆபத்தை, வழிகாட்டி நாளுக்கு இரண்டு மூன்று முறை, பருவம் முழுக்க எடுக்கிறார். அடுத்தவருக்கு நேரும் ஆபத்தும் அவர் தலையில்தான் விழுகிறது. 2022 ஏப்ரலில் ஜொகூர், மெர்சிங் கடற்பகுதியில் பயிற்சிக்காக இறங்கிய நால்வர் மேலே வந்தபோது படகைக் காணாமல் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டார்கள். பயிற்றுநர் உட்பட மூவர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். 14 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். கடலில் சில நிமிடத் தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை. தலைகளை எண்ணுபவரின் கவனத்துக்கு விலை இருக்கிறதா என்ற கேள்வியை இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

சம்பளம் எப்படி மறைகிறது

சம்பளம் கொடுக்காத வழக்கம் மூன்று வடிவங்களில் நடக்கிறது. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் விவாதம் எங்கும் நகராமல் நிற்கிறது. முதல் வடிவம் பயிற்சிக்குப் பதில் உழைப்பு: பயிற்சிக் கட்டணத்தை முழுவதுமாகவோ பகுதியாகவோ தள்ளுபடி செய்துவிட்டு, அதற்கு ஈடாக இரண்டு மூன்று மாதம் கடையில் வேலை வாங்குவது. இரண்டாவது, சான்றிதழ் கிடைத்த பிறகும் ‘அனுபவம் சேரட்டும்’ என்று சொல்லிச் சம்பளமில்லாமல் ஒரு பருவம் வைத்துக்கொள்வது. மூன்றாவது, அடிப்படைச் சம்பளமே இல்லாமல், இறங்கிய முறைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையும் பயணிகள் மனமுவந்து தரும் டிப்ஸும் மட்டும். கிழக்குக்கரைத் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை கடலை மூடிவிடும், கடைகளும் மூடிவிடும். மூன்றாம் வகையினருக்கு அந்த மாதங்களில் வருமானம் பூஜ்யம்.

மழையென்றால் கூலியில்லை என்ற இந்தக் கணக்கைச் செமோர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மரத்தில் ஈரம் இருந்தால் பால் சீவ முடியாது. சீவவில்லை என்றால் அன்றைய பெயர் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஏறாது. 1954இல் உருவான தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் பல ஆண்டுகள் மாதச் சம்பளத்துக்காக வாதாட வேண்டியிருந்ததன் அடிப்படை இதுதான். வானிலை என்ற நட்டத்தை யார் சுமப்பது, இலாபம் எடுக்கும் முதலாளியா, அன்றாடம் காய்ச்சும் தொழிலாளியா என்பதே அந்த வாதத்தின் சாரம். ரப்பருக்குப் பதில் பவளப்பாறை என்று மாறியிருக்கிறதே தவிர, கேள்வி மாறவில்லை.

தமிழர் அறிந்த முக்குளிப்புக் கூலி

கூலிக்காகக் கடலில் மூழ்குவது தமிழருக்குப் புதிதும் இல்லை. மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும், தூத்துக்குடி, கீழக்கரை தொடங்கி மன்னார் வரை, முத்துக்குளிப்பும் சங்குகுளிப்பும் தலைமுறை தலைமுறையாக நடந்த தொழில்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கால இலங்கையில் முத்துக்குளிப்புப் பருவம் அரசாங்கத்தின் ஏகபோகமாக இருந்தது. 1905இல் மரிச்சுக்கட்டியில் நடந்த பெருங்குளிப்பில் எட்டுக் கோடிக்கும் அதிகமான சிப்பிகள் எடுக்கப்பட்டன. அப்போது கூலி எப்படிக் கொடுக்கப்பட்டது என்பது இன்றைய வழக்குக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி. படகு கரைக்கு வந்ததும் சிப்பிகளை வேலியிட்ட அடைப்புக்குள் கொண்டுபோய் மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. அந்தப் பங்கிலிருந்துதான் மேலே கயிறு பிடித்தவருக்கும் படகுக்காரருக்கும் கொடுக்க வேண்டும். மூன்றில் இரண்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டது நியாயமான பங்கீடு என்று சொல்ல முடியாது. ஆனால் மூழ்கியவரின் உழைப்புக்குப் பங்கு உண்டு என்பதில் அந்த ஏகாதிபத்திய அரசாங்கத்துக்குக்கூடச் சந்தேகம் இருக்கவில்லை. அந்தப் பங்கு அன்றைக்கே, கண்ணெதிரில் கைக்கு வந்தது. கடலுக்குள் போய்ப் பார்க்கும் பாக்கியமே கூலி என்று எந்தக் குளிகாரரிடமும் யாரும் சொல்லவில்லை.

பாரசீக வளைகுடாவில் இதே தொழில் வேறு விதமாக நடந்தது. அங்கே படகுத் தலைவர்கள் முன்பணம் கொடுத்துக் குளிகாரர்களைக் கடனில் கட்டிப்போட்டார்கள். கணக்கு முழுவதும் தலைவரின் கையில் இருந்ததால் கடன் தீர்ந்ததா இல்லையா என்று குளிகாரருக்குத் தெரிய வழியில்லை. 1920களில் பஹ்ரைனில் நடந்த சீர்திருத்தங்களில் முக்கியமானது, ஒவ்வொரு குளிகாரருக்கும் சொந்தக் கணக்குப் புத்தகம் வேண்டும் என்ற விதி. நம் தோட்டங்களின் கங்காணி முறையிலும் இதே பூட்டுத்தான் இருந்தது. பயணச் செலவும் முன்பணமும் கடனாக நிற்க, வேலை அந்தக் கடனைத் தேய்க்கும் கருவியானது. மலாயாவுக்கு ஒப்பந்தக்கூலிகளைச் சேர்ப்பது 1910இல் முடிவுக்கு வந்தது. 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்கான உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்தது. இன்று தீவுக்குப் பயிற்சிக்குப் போகும் இளைஞர் அந்தக் காலத்துக் கூலியாளைப்போல் அடைபட்டவர் அல்லர். விரும்பினால் மறுநாள் படகேறிவிடலாம். அந்த வேறுபாட்டை மறைத்துப் பேசினால் முன்னோர் பட்ட பாட்டையே சிறுமைப்படுத்தியதாகிவிடும். ஆனாலும் இரண்டுக்கும் பொதுவான ஓர் இயக்கம் இருக்கிறது. கொடுக்கல் வாங்கல் எழுத்தில் இல்லை. எவ்வளவு உழைத்தால் பயிற்சிக்கட்டணம் கழிந்தது என்ற கணக்கை ஒரு தரப்பு மட்டுமே வைத்திருக்கிறது. கையெழுத்துப் போட்டுச் சான்றிதழைத் தர வேண்டியவரும் அதே தரப்புத்தான். இந்த மூன்றும் சேரும் இடத்தில், முதலாளி எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அளவு மீறுவது எளிது.

மறுதரப்பின் வாதங்கள்

சம்பளம் தேவையில்லை என்போரின் வலுவான வாதம், டைவ்மாஸ்டர் பயிற்சி ஒரு தொழிற்கல்வி, கற்பவர் கட்டணம் கட்டுவதுதான் உலக வழக்கம், அதை உழைப்பாகக் கட்டுவதில் என்ன தவறு என்பது. இதில் உண்மை இருக்கிறது. பயிற்சியாளரோடு கூடவே ஒரு பயிற்றுநர் இறங்க வேண்டும், அவருடைய பிழைகளைத் திருத்த வேண்டும். அதற்குச் செலவு உண்டு. ஆனால் பயிற்சி எது, வேலை எது என்று பிரித்துப் பார்க்கத் தெளிவான அளவுகோல்களும் உண்டு. அமெரிக்காவில் திரைப்படத் தயாரிப்பு நிறுவனமொன்றில் சம்பளமில்லாமல் பயிற்சி வேலை பார்த்தவர்கள் தொடுத்த வழக்கில், 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கேள்வியை மையமாக வைத்தது: இந்த ஏற்பாட்டில் முதன்மையாகப் பயனடைவது யார்? கற்பவரா, நிறுவனமா? வரைபடம் போடக் கற்பது, மீட்பு ஒத்திகை, பயிற்றுநரின் கண்காணிப்பில் வழிநடத்திப் பார்ப்பது ஆகியவை கல்வி. முதல் வாரத்தில் கற்றுக்கொண்ட சிலிண்டர் நிரப்பலை எட்டாவது வாரத்திலும் நாள் முழுக்கச் செய்வது கல்வியாகாது. அதில் கற்பதற்கு எதுவும் மிச்சமில்லை. மிச்சமாவது கடைக்காரரின் கூலிச் செலவுதான்.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2005இல் தொடங்கப்பட்ட தேசிய இரட்டைப் பயிற்சி முறையில் சேர்பவர் பெரும்பகுதி நேரம் தொழிலிடத்திலும் மீதி நேரம் வகுப்பிலும் கற்கிறார். பயிற்சி முடியும் வரை அவருக்கு மாதப்படி உண்டு. கற்பவர் என்பதால் வயிறு இல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. பட்டறையில் மோட்டார் கற்பவருக்குப் பொருந்துவது படகில் கடல் கற்பவருக்குப் பொருந்தாமல் போகக் காரணம் எதுவும் தென்படவில்லை.

இரண்டாவது வாதம் ஆர்வம் பற்றியது. கடலின் மீதுள்ள காதலால் வருபவர்கள் இவர்கள், கூலி பேசினால் அந்த மனம் கெட்டுவிடும் என்கிறார்கள். இதற்குத் துணையாகத் தொண்டர் மரபையும் காட்டுகிறார்கள். 1953இல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப்பின் கிளைகளில் பயிற்றுநர்கள் சம்பளம் வாங்காமல்தான் கற்பிக்கிறார்கள். இங்கே ரீஃப் செக் மலேசியா நடத்தும் பவளப்பாறைக் கணக்கெடுப்புக்குத் தொண்டர்கள் தங்கள் செலவில் இறங்குகிறார்கள். போற்ற வேண்டிய மரபு. அதைக் காப்பாற்றவும் வேண்டும். ஆனால் அங்கே தொண்டரின் உழைப்பை யாரும் விலைக்கு விற்பதில்லை. கிளப்பில் கற்பவரும் கற்பிப்பவரும் சந்தா கட்டும் உறுப்பினர்கள். கணக்கெடுப்பின் பலன் கடலுக்குப் போகிறது. கோயில் திருவிழாவில் பந்தி பரிமாறுபவர் கூலி கேட்பதில்லை; அதே ஆள் உணவகத்தில் பரிமாறினால் கூலி கேட்கிறார். அவர் மனம் இடையில் மாறிவிடவில்லை, பந்திக்கும் கல்லாப்பெட்டிக்கும் உள்ள வேறுபாடுதான் காரணம். பிரிட்டனின் 1998ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் இந்தக் கோட்டையே கிழிக்கிறது: அறநிறுவனங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் அவை போன்றவற்றுக்கும் உழைக்கும் தொண்டர்களுக்கு மட்டுமே விலக்கு, இலாபத்துக்காக நடக்கும் கடைக்கு இந்த விலக்கு கிடையாது. காதலோடு செய்யும் வேலைக்குக் கூலி வேண்டாம் என்றால் நல்ல ஆசிரியருக்கும் நல்ல தாதிக்கும் நாம் எதுவும் கொடுக்க வேண்டியிராது.

மூன்றாவது வாதம் சந்தை. ஒரு வேலைக்குப் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள், இலவசமாக வர ஆளிருக்கும்போது எதற்குச் சம்பளம் என்பது. நிலவரத்தை இது சரியாகவே சொல்கிறது. ஆனால் அதை நியாயப்படுத்தவில்லை. தோட்டங்களிலும் ஆள் நிறைய இருந்தபோதுதான் கூலி விழுந்தது. 1920களின் இறுதியில் எளிதில் போய்ச் சேரக்கூடிய பகுதிகளின் தோட்டங்களுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நாள்கூலி நிர்ணயிக்கப்பட்டது. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதுவும் வெட்டப்பட்டது. 1941இல் கிள்ளான் பகுதித் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். கூலியும் மரியாதையும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆள் நிறைய இருக்கிறார்கள் என்பதற்காகக் கூலியைப் பூஜ்யம் வரை இறக்கலாம் என்ற நிலையைத் தடுக்கத்தான் குறைந்தபட்ச ஊதியம் என்ற ஏற்பாடே உண்டானது.

இலவசமாக வர ஆளிருக்கிறது என்பதிலுள்ள இன்னொரு தீங்கு, அந்த ஆள் யார் என்று பார்த்தால் புரியும். மூன்று மாதம் சம்பளமில்லாமல் ஒரு தீவில் இருக்க, ஏற்கெனவே சேமிப்பு இருக்க வேண்டும், அல்லது பின்னால் தாங்கிப் பிடிக்க ஒரு குடும்பம் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஓராண்டு விடுப்பில் வந்தவருக்கு அது முடியும். செமோரில் தொழிற்சாலைச் சம்பளத்தில் ஓடும் வீட்டுப் பிள்ளைக்கு முடியாது. மாதம் பிறந்தால் வீட்டுக்கு ஏதாவது அனுப்பியாக வேண்டும். திறமை இருந்தும் அவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார். சம்பளமில்லா முறை கடலை நேசிப்பவர்களைத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. உண்மையில் பணம் உள்ளவர்களைத்தான் தேர்ந்தெடுக்கிறது. தீவுகளில் பிறந்து வளர்ந்த உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். நம் கடலில் நம் நாட்டவர் வழிகாட்டிகளாவதற்கு இந்த வழக்கமே தடையாக நிற்கிறது.

நான்காவது, கடைக்காரர்களின் உண்மையான கவலை: சிறு கடைகள் தாங்காது. இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இன்றைய குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 ரிங்கிட். முதலாளியின் இபிஎப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பங்குகளுக்கு ஏறத்தாழ 15 சதவிகிதம் சேர்த்தால் 1,955. மாதம் 26 வேலைநாள் என்றால் நாளுக்கு 75 ரிங்கிட். ஒரு டைவ்மாஸ்டர் நாளுக்கு இரண்டு முறை, முறைக்கு நான்கு பேரை அழைத்துச் செல்கிறார் என்று வைத்தால், ஒரு பயணியின் ஒரு முக்குளிப்புக்கு 10 ரிங்கிட்டுக்கும் குறைவாகவே வரும். கூட்டம் பாதியாகக் குறைந்த மாதத்திலும் 20 ரிங்கிட்டைத் தாண்டாது. தன் உயிரைப் பார்த்துக்கொள்பவருக்கு இந்தத் தொகையைக் கொடுக்க மறுக்கும் பயணி அரிது. வரவுப் பக்கமும் இருக்கிறது. சான்றிதழ் பெற்ற உதவியாளர் உடனிருந்தால் பயிற்றுநர் வழக்கத்தைவிடக் கூடுதல் மாணவர்களை ஒரே நேரத்தில் அழைத்துச் செல்லப் பயிற்சி அமைப்பின் விதி இடங்கொடுக்கிறது. அந்தக் கூடுதல் மாணவர்களின் கட்டணம் கடையின் கல்லாவில் விழுகிறது. அதற்கு வழிசெய்தவருக்கு மட்டும் எதுவும் கிடையாது என்பது எந்தக் கணக்கிலும் ஒட்டாது. ஒரு கடை மட்டும் விலை ஏற்றினால் போட்டியில் தோற்கும் என்பது மெய்தான். எல்லாக் கடைகளுக்கும் ஒரே விதி என்றால் அந்த அச்சமும் நீங்கிவிடும்.

சட்டம் நிற்கும் இடம்

இதற்குப் புதிய சட்டம் தேவையா என்றால், பெரும்பாலும் இருக்கிற சட்டமே போதும். குறைந்தபட்ச ஊதியம் 2013 ஜனவரியில் தீபகற்பத்துக்கு 900 ரிங்கிட், சபா சரவாக்குக்கு 800 என்று தொடங்கியது. 2025 பிப்ரவரி முதல் 1,700 ஆனது. ஐந்து பேருக்கும் குறைவான ஆட்களை வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்டு முதல் அது பொருந்துகிறது. ‘சின்னக் கடை’ என்ற சாக்குக்கு அங்கேயே கதவு மூடிவிட்டது. அதைவிட முக்கியமானது, தீபகற்பத்துக்கான 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த 101சி பிரிவு. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாத இடத்தில், ஒருவரின் வேலை முறையோ நேரமோ இன்னொருவரின் கட்டுப்பாட்டில் இருந்தால், கருவிகளை அவர் கொடுத்தால், செய்யும் வேலை அவருடைய தொழிலின் பிரிக்க முடியாத பகுதியாக இருந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை வேலை செய்பவர் தொழிலாளி என்றே கொள்ளப்படுவார். எத்தனை மணிக்குப் படகு, யாரை எந்த இடத்துக்கு அழைத்துப் போவது, யாருடைய சிலிண்டர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தால் டைவ்மாஸ்டர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது விளங்கிவிடும். சுற்றுலா அனுமதியில் வந்த வெளிநாட்டவரை வைத்து வேலை வாங்கிவிட்டு, ‘சம்பளம் கொடுக்கவில்லை, ஆகவே அது வேலையில்லை’ என்று சொல்வதும் செல்லாத வாதம். அந்த அனுமதி வேலை செய்வதற்குத் தரப்படுவதில்லை. கூலி கொடுக்காததால் செய்த வேலை மறைந்துவிடுவதும் இல்லை.

பாதுகாப்பு என்ற கோணமும் இங்கே வந்து சேர்கிறது. நீரோட்டம் சரியில்லை, இன்று இறங்க வேண்டாம் என்று சொல்லும் துணிவு ஒரு வழிகாட்டிக்கு இருக்க வேண்டிய முதல் தகுதி. சம்பளமில்லாமல், சான்றிதழுக்காக முதலாளியின் கையெழுத்தை எதிர்பார்த்து நிற்பவரிடம் அந்தத் துணிவைக் கேட்பது கடினம். இறங்கிய முறைக்கு மட்டும் காசு என்றால் இறங்காமல் இருப்பது அவருக்கே நட்டம். மாதச் சம்பளம் அவருக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையையும் சேர்த்தே வாங்கித் தருகிறது. அடிபட்டால் சொக்சோவிடம் போகவும் பெயர் பதிவில் இருந்தால்தான் வழி பிறக்கும். பதிவில் இல்லாதவர் மருத்துவச் செலவுக்குத் தெரிந்தவர்களிடம் கையேந்த வேண்டியிருக்கும்.

எங்கே கோடு கிழிப்பது

இவை அனைத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது, பதில் சான்றிதழிலோ ஆர்வத்திலோ அடங்கியிருக்கவில்லை. பொறுப்பு எங்கே தொடங்குகிறதோ அங்கே கூலி தொடங்க வேண்டும் என்பதுதான் எல்லா வாதங்களுக்கும் ஈடுகொடுத்து நிற்கும் கோடு. பயிற்றுநர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் வரை கற்பவர் மாணவர். அந்தக் கட்டத்தில் உழைப்பையும் கல்வியையும் பண்டமாற்றாக வைத்துக்கொள்ளலாம். கட்டணம் கட்டிய ஒரு பயணியின் உயிர் அவர் கையில் ஒப்படைக்கப்படும் நாளிலிருந்து அவர் தொழிலாளி. அந்த நாளிலிருந்து சம்பளம் ஓட வேண்டும். இலாபம் யாருக்கும் போகாத கிளப்பிலும் ஆய்விலும் தொண்டு தொண்டாகவே இருக்கட்டும்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவருவது பெரிய காரியமில்லை. பயிற்சிக்குச் சேரும்போதே எத்தனை வாரம், நாளுக்கு எத்தனை மணி நேரம், அதில் கற்றல் எவ்வளவு, கடைவேலை எவ்வளவு, எப்போது கட்டணம் கழிந்ததாகும் என்று இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும். ஒவ்வொரு முக்குளிப்பையும் பதிவேட்டில் எழுதிக்கொள்வது இந்தத் தொழிலில் ஏற்கெனவே உள்ள பழக்கம். அதே ஏட்டில் வேலை நேரத்துக்கும் ஒரு கட்டம் சேர்த்தால் கணக்கு இரண்டு பேர் கையிலும் இருக்கும். கடல் பூங்காத் தீவுகளில் கடை நடத்த உரிமம் புதுப்பிக்கும்போது, சுற்றுலா அமைச்சும் மீன்வளத் துறையும் சொக்சோ பதிவையும் சம்பளப் பட்டியலையும் கேட்டு வாங்கலாம். மழைக்கால மாதங்களுக்கு, பருவத்தில் சேர்த்துவைத்து மூடும் காலத்தில் கொடுக்கும் ஒரு நிதியைக் கடைக்காரர்கள் கூட்டாக அமைக்கலாம். பயணிகளும் முன்பதிவு செய்யும்போது, எங்களை அழைத்துப் போகிறவருக்கு மாதச் சம்பளம் உண்டா என்று ஒரு கேள்வி கேட்கலாம். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரரே பதிலை விளம்பரத்தில் போட்டுவிடுவார்.

பேராக்கின் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. மாதப்படியோடு கூடிய டைவ்மாஸ்டர் பயிற்சி ஒன்று வந்தால், அருகிலேயே பாங்கோரும் செம்பிலான் தீவுகளும் கற்கும் களமாகும். அழுத்த அறையும் கடற்படைத் தளமும் லூமுட்டில் இருக்கின்றன. அப்படி ஒரு கதவு திறக்கும்வரை, செமோரிலிருந்து இந்தத் தொழிலுக்குப் போக நினைக்கும் இளையோர் கடை வாசலில் கேட்க வேண்டியவை மூன்றுதான்: ஒப்பந்தம் எழுத்தில் உண்டா, சொக்சோவில் பெயர் ஏறுமா, பயணிகளை என்னிடம் ஒப்படைக்கும் நாளிலிருந்து மாதம் எவ்வளவு? இந்த மூன்றுக்கும் நேரான பதில் வராத இடத்தில் எவ்வளவு அழகான கடல் இருந்தாலும் சேர வேண்டாம். நாள்கூலியை மாதச் சம்பளமாக்க நம் மூத்தவர்களுக்கு ஒரு தலைமுறைக்கு மேல் பிடித்தது. அவர்கள் வாங்கித் தந்த உரிமையைக் கடலின் அழகுக்கு ஈடாகத் திருப்பிக் கொடுப்பதில் எந்த நியாயமும் இல்லை.